ஆய்வுக் கடிதத்தை ஷிப்ட் தொடக்கத்தில் படித்தபோது

நான் இருந்தது அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், பெயர் வேண்டாம். டிஜிஎம்எஸ் (சுரங்கப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்ற பேச்சு வந்தாலே ரோட்டுக்குக் கூடுதலாகத் தண்ணீர் அடிப்பார்கள், ஒப்பந்தத் தொழிலாளிக்குக்கூடப் புது ஹெல்மெட் கிடைக்கும். அவர் போன பிறகு, கண்ட குறைகளை எழுதி வரும் கடிதம் ஆங்கிலத்தில், பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். யார் ஓட்டும் வண்டியில், எந்த பெஞ்சில் (படிபடியாக வெட்டிய தளம்) குறை என்று அங்கே வேலை செய்கிறவனுக்கே தெரியாது.

100 பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்கத்தில் பாதுகாப்புக் குழு இருக்கணும், மேனேஜர் தலைமை, தொழிலாளர் தரப்பில் 5 பேர், 30 நாளுக்கு ஒரு தடவையாவது கூடணும் என்று 1955 சுரங்க விதிகளிலேயே இருந்தது. எங்கள் குழுவில் டீயும் கையெழுத்தும்தான். அந்த 5 பேரில் ஒருவரான ஷவல் (கல் அள்ளும் இயந்திரம்) ஆப்பரேட்டர் அண்ணன் ஒரு கூட்டத்தில் பிடிவாதம் பிடித்தார்: கடிதத்தில் இருப்பதை ஷிப்ட் தொடங்கும்போது தமிழில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று. மேனேஜருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சரி என்றார்.

ஃபோர்மேன் படித்தார். வண்டி ஓரம் தாண்டி விழாமல் தடுக்கும் ரோட்டு ஓரத்து மண் அணை, டம்பர் (கல் ஏற்றும் பெரிய லாரி) டயர் உயரத்துக்குக்கூட இல்லை என்று வந்ததும் ஒரு டிரைவர், "மழையில கரைஞ்சு போச்சுன்னு நான் சொல்லிட்டேதானே சார் இருக்கேன்" என்றார். லாக் புத்தகத்தில் அதை யாரும் ஏற்றியிருக்கவில்லை. அடுத்து ரிவர்ஸ் அலாரம் வேலை செய்யாத வண்டிகள். பழுது இல்லை, சத்தம் தாங்காமல் ஒயரைப் பிடுங்கியவர்கள் எங்களுக்குள்ளேயே இருந்தார்கள், அது அப்போதுதான் வெளியே வந்தது. அதிகாரி சுற்றி வந்தபோது எங்களில் ஒருவரைக்கூட நிறுத்திக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஒடிசாவில் இருந்து வந்த பையன்களுக்குத் தமிழும் புரியாது. அவர்களில் தமிழ் கொஞ்சம் பிடிபட்ட ஒருவனே எடுத்துச் சொன்னான், அதற்கென்று தனியாக யாரையும் வைக்கவில்லை. அணை மட்டும் அந்த வாரமே உயர்ந்தது.

என் சித்தப்பா மகன் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் இருக்கிறான். அங்கே 100 பேர் கிடையாது, அதனால் குழுவும் கட்டாயமில்லை, கடிதம் வந்தால் முதலாளியின் மேசையோடு சரி. சின்னக் குவாரிகளில் இந்தக் கடிதத்தை யாராவது கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் எப்படி முடிந்தது என்று எழுதுங்கள்.