ஃபுட்பால் மேனேஜரில் ட்ரெய்னிங் தீவிரமும் காயமும்: மன்ற உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

நடுக்களம்:

ஃபுட்பால் மேனேஜர் என்ற கணினி விளையாட்டில் பிரஸ்ஸிங் அணி நடத்தும் எல்லாரும் முட்டி நிற்கும் இடம் இது. எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பறிக்க வேண்டுமானால் ஸ்டாமினாவும் வேகமும் வேண்டும். அதற்காக இன்டென்சிட்டியை (பயிற்சித் தீவிரத்தை) ஏற்றினால் அக்டோபர் முடிவதற்குள் நாலைந்து பேர் ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) பிடித்து வெளியே உட்கார்ந்துவிடுகிறார்கள். இறக்கினாலோ, பத்தொன்பது வயதுப் பையன்களின் உடல்திறன் எண்கள் நகரவே மாட்டேன் என்கின்றன. வீரரின் உடல்நிலைக்கேற்பப் பயிற்சிச் சுமையை அமைக்கும் ரெஸ்ட் பக்கத்தில் எந்த நிலைக்கு என்ன வைக்கிறீர்கள், ஃபிசிக்கல் செஷனை வாரத்தில் எந்த நாளில் போடுகிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். 2019 பதிப்பில் வந்த, நாள்வாரியாகப் பயிற்சிகளை அடுக்கும் செஷன் முறையை வைத்தே பேசுவோம். பட்டையை இழுத்துச் சுமையை வைத்த பழைய ஸ்லைடர் காலத்துக் கணக்கு இங்கே உதவாது.

ஸ்வீப்பர்:

முதலில் கண்டிஷன் வேறு, ஃபட்டீக் வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாதிக் காயங்கள் இந்தக் குழப்பத்தில்தான் வருகின்றன. கண்டிஷன் அன்றன்றைய நிலை. ஆட்டம் முடிந்ததும் சரியும், சில நாளில் திரும்ப ஏறிவிடும். ஃபட்டீக் வாரக்கணக்கில் சேர்கிற களைப்பு. ஓய்வும் ரெகவரி செஷனும் கொடுத்தால்தான் அது கரையும். 2021 பதிப்பிலிருந்து கண்டிஷன் சதவீதமாக இல்லாமல் இதயக் குறியாக வருகிறது. அந்த இதயம் பச்சையாக நிறைந்திருக்கிறதே என்று ஆளை இறக்கிவிடுகிறோம். அதே ஆள் மெடிக்கல் சென்டரின் காய ரிஸ்க் பட்டியலில் மேலே நிற்பான்.

ரெஸ்ட் பக்கத்தில் கண்டிஷனின் ஒவ்வொரு நிலைக்கும் இரட்டிப்பு, இயல்பு, பாதி, களமும் ஜிம்மும் வேண்டாம் என்று தேர்வு செய்யலாம். எனக்குச் சரியாகப்படும் அமைப்பு இது: வாரம் ஒரே ஆட்டம் என்றால் நிறைந்த இதயத்துக்கு இரட்டிப்பு, அதற்கு அடுத்த நிலைக்கு இயல்பு, நடுநிலைக்குப் பாதி, அதற்குக் கீழே எல்லாவற்றுக்கும் முழு ஓய்வு. வாரம் இரண்டு ஆட்டம் வந்துவிட்டால் இரட்டிப்பை எடுத்துவிட்டு இயல்பு வைக்க வேண்டும். இரட்டிப்பை ஆண்டு முழுக்க அப்படியே விட்டுவிடுவது ஏன் ஆபத்து என்றால், அந்த அமைப்பு பார்ப்பது கண்டிஷனை மட்டும். ஃபட்டீக் ஏறிக் கிடக்கும் ஆள் ஒருநாள் ஓய்வில் இதயத்தை நிரப்பிக்கொண்டு வருவான், மறுநாளே இரட்டிப்புச் சுமை அவன் தலையில் ஏறும். பயிற்சி அதிகம் என்று வீரர்கள் முகம் சுளிக்கத் தொடங்குவதும் இதனால்தான்.

அட்டவணைக்கு வருகிறேன். சனிக்கிழமை ஆட்டம், அடுத்ததும் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு ரெகவரி, அதோடு சரி. திங்கள் ஓய்வு, வேண்டுமானால் மேட்ச் ரிவ்யூ. செவ்வாய் காலை ஃபிசிக்கல் அல்லது எண்டியூரன்ஸ், மாலையில் ஒரு தாக்குதல் செஷன். புதன் மேட்ச் பிராக்டிஸ் மாதிரி கனமான செஷன். வியாழன் தற்காப்பு வடிவம், செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக்). வெள்ளி மேட்ச் ப்ரிவ்யூ மட்டும். கனமானது எதுவாக இருந்தாலும் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே முடிந்துவிட வேண்டும். நிஜ கிளப்புகளிலும் சுமையைப் பெரும்பாலும் வாரத்தின் நடுவில்தான் குவிக்கிறார்கள்.

செவ்வாயிலோ புதனிலோ இன்னொரு ஆட்டம் நுழைந்தால் ஃபிசிக்கல், எண்டியூரன்ஸ், ரெசிஸ்டன்ஸ், குவிக்னஸ் நான்கையும் அந்த வாரம் தூக்கிவிடுங்கள். ரெகவரி, ஓய்வு, ப்ரிவ்யூ, ஒரு செட் பீஸ் செஷன் போதும். ஆட்டமே அவர்களுக்கு உடற்பயிற்சி. ஒவ்வொரு செஷன் மீதும் கர்சரை வைத்தால் கண்டிஷன், ஃபட்டீக், காய அபாயம் எந்தப் பக்கம் நகரும் என்று அம்புக்குறி காட்டும். அட்டவணையைப் பூட்டும் முன் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பத்தாம் நம்பர்:

ஸ்வீப்பர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். மெடிக்கல் சென்டரின் சீசன் சுருக்கத்தைத் திறந்து, காயங்கள் பயிற்சியில் எத்தனை, ஆட்டத்தில் எத்தனை என்று பாருங்கள். பயிற்சியில் குறைவு என்பதால் பயிற்சியில் தப்பில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நிஜத்தில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஏஃபா 2001 முதல் நடத்திவரும் எலைட் கிளப் ஆய்விலும் இப்படித்தான்: ஒரே அளவு நேரத்துக்கு ஆட்டத்தில் ஏற்படும் காயம் பயிற்சியைப் போலப் பல மடங்கு. பயிற்சியில் சேர்த்த களைப்பு ஆட்டத்தில் வேகமாக ஓடும்போது வெளிப்படுகிறது. மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு முதல் சீசனில் 12 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 24 சதவீதம் ஆகிவிட்டது. அதனால் உங்கள் அணியில் தொடைத் தசைக் காயமே அடுக்கடுக்காக வந்தால் ஃபிசியோவை மாற்றும் முன், அந்த வாரங்களில் ஆட்டங்களுக்கு நடுவே எத்தனை நாள் இருந்தது என்று பாருங்கள்.

லீகையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜெர்மனியின் பன்டஸ்லிகாவில் 34 லீக் ஆட்டம், நடுவில் குளிர்கால இடைவெளி. இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பில் 46. அதோடு இரண்டு கோப்பைகள், டிசம்பர் கடைசியில் மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம். ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீகின் முதல் கட்டமும் 2024-25 முதல் ஆறிலிருந்து எட்டு ஆட்டமாகிவிட்டது. ஒரு லீகில் சரியாக ஓடிய அட்டவணையை இன்னொரு லீகுக்குத் தூக்கிக்கொண்டு போனால் தாங்காது.

ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை அனுமதிக்கும் போட்டிகளில் ஐந்தையும் பயன்படுத்துங்கள். அறுபதாவது நிமிடத்தில் முதலில் எடுக்க வேண்டியது ஓரத்தில் ஏறி இறங்கி ஓடும் விங்-பேக்குகளை. எல்லாரையும்விட வேகமாக இதயம் வடிவது அவர்களுக்குத்தான். மூன்று கோல் முன்னிலை வந்த பிறகும் டெம்போவை (ஆட்ட வேகத்தை) உச்சத்தில் வைத்திருந்தால் அது வீண் செலவு. டெம்போவையும் பிரஸ்ஸிங்கையும் ஒரு படி இறக்கிவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு அது மிச்சம்.

கோல்கிக்:

தனிநபர் பயிற்சியை யாரும் தொடவில்லையே. அணி அட்டவணை மென்மையாக இருந்தாலும், ஒருவனுக்குப் புதிய பொசிஷன் கற்றுக்கொடுத்து, அதன்மேல் குவிக்னஸ் ஃபோகஸ் (வேகத்துக்கான தனிப் பயிற்சி) வைத்து, இன்டென்சிட்டியையும் இரட்டிப்பாக்கினால் அவன் பெயருக்கு எதிரே பயிற்சிச் சுமை கனம் என்று வந்துவிடும். மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். வேகம் வளர வேண்டிய பதினெட்டு வயதுக்காரனுக்குப் பொசிஷன் பயிற்சி அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம். வேகமும் ஆக்சிலரேஷனும் சின்ன வயதில் ஏறினால்தான் உண்டு, பின்னால் அவை இறங்குமுகம்.

முப்பதைத் தாண்டியவர்களுக்கு நேச்சுரல் ஃபிட்னெஸ் எண்ணை (20க்கு எவ்வளவு என்று) பாருங்கள். 15க்கு மேல் இருந்தால் மற்றவர்களைப் போலவே நடத்தலாம். 10க்குக் கீழே என்றால் பாதி இன்டென்சிட்டி, இரண்டு ஆட்டத்தில் ஒன்று. ஸ்டாமினா ஆட்டத்துக்குள் எவ்வளவு நேரம் தாங்குவான் என்பதைச் சொல்லும், நேச்சுரல் ஃபிட்னெஸ் ஆட்டத்துக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் தேறுவான் என்பதைச் சொல்லும். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஆள் வாங்குபவர்கள் நிறைய.

காயம் அடையும் இயல்பு எவ்வளவு என்பது மறைவான எண். நேரடியாகத் தெரியாது. ஸ்கவுட் (ஆள் தேடுபவர்) அறிக்கையில் வரும் வாசகமும், காய வரலாறும்தான் தடயம். கால் முறிவு ஒரு தடவை நடந்திருந்தால் அது விபத்தாக இருக்கலாம். ஒரே தசை இரண்டு சீசனில் மூன்று முறை போயிருந்தால் அந்த ஆளை எந்த அட்டவணையும் காப்பாற்றாது. விலை குறைவாக இருக்கிறதே என்று கை வைக்க வேண்டாம்.

நடுக்களம்:

நன்றி, மிகவும் பயனுள்ள விவரம். ப்ரீ-சீசனில் (சீசன் தொடங்கும் முன்) எவ்வளவு ஏற்றலாம்? யூரோ, உலகக் கோப்பை முடிந்து தாமதமாக வருபவர்களை என்ன செய்வது?

ஸ்வீப்பர்:

ஆறு வாரம் கிடைத்தால் முதல் இரண்டு வாரம் தாராளமாக ஏற்றலாம், வாரத்தில் மூன்று நான்கு ஃபிசிக்கல் வகைச் செஷன் வரை. அப்போது தரும் அடித்தளம்தான் சீசன் முழுக்கப் பேசும். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டாகக் குறைத்து நட்பு ஆட்டங்களைக் கூட்டுங்கள். முதல் இரண்டு ஆட்டம் எளிய அணிகளோடு, ஆளுக்கு 45 நிமிடம். பிறகு 60, கடைசி இரண்டில் முழு 90. மொத்தம் ஆறேழு ஆட்டம் போதும். பத்து வைத்தால் ஆகஸ்டிலேயே ஃபட்டீக்கோடு தொடங்குவீர்கள்.

தாமதமாக வருபவர்களிடம் அணியோடு சேர்ந்து ஓடு என்று சொல்லக் கூடாது. கண்டிஷன் கீழே, ஷார்ப்னெஸ் (ஆட்டப் பழக்கம்) கீழே, ஆனால் போன சீசனின் ஃபட்டீக் அப்படியே இருக்கும். முதல் வாரம் முழு ஓய்வு, இரண்டாவது வாரம் தனிநபர் இன்டென்சிட்டி பாதி, மூன்றாவது வாரம் இயல்பு. லீகின் முதல் இரண்டு ஆட்டத்தில் அவர்கள் பெஞ்சில்தான். ரசிகர்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

ஸ்டாஃப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்போர்ட்ஸ் சயின்டிஸ்ட் இடம் காலியாக இருந்தால் அதை நிரப்பாமல் இரட்டிப்பைத் தொடவே வேண்டாம். காயம் வராமல் பார்ப்பது அவர் வேலை, வந்த பிறகு தேற்றுவது ஃபிசியோ வேலை. சின்ன கிளப்பில் ஒரே ஒருவருக்குத்தான் பட்ஜெட் என்றால் நான் ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் எண் நன்றாக உள்ளவரைத்தான் எடுப்பேன்.

த்ரோ-இன்:

மொபைலில் டாப் லெவன் என்ற இன்னொரு மேலாளர் விளையாட்டை ஆடுபவர்களுக்கு ஒரு வரி: அங்கே பயிற்சி, ஆட்டம் இரண்டும் ஒரே கண்டிஷனைத்தான் தின்னும். ஆட்ட நாளில் பயிற்சியை ஆட்டம் முடிந்த பிறகு வைத்தால் கண்டிஷனை ஏற்றும் பச்சை ரெஸ்ட் பேக் மிச்சமாகும்.

கோல்கிக்:

காயத்திலிருந்து திரும்புபவர்கள் விஷயம் விட்டுப்போயிற்று. சிவப்புக் காயக் குறி ஆரஞ்சு ஆனதும் அவனைத் தேர்வு செய்ய முடியும், ஆனால் அவன் இன்னும் லேசான பயிற்சியில்தான் இருக்கிறான். அப்போது இறக்கினால் அதே காயம் திரும்பவும் வரும் வாய்ப்பு மிக அதிகம். குறி முழுக்க மறையட்டும். மறைந்த பிறகும் ஷார்ப்னெஸ் இருக்காது, அது வருவது ஆட்டத்தில்தான். வீரர் மீது வலது கிளிக் செய்து, ஆட்டத்துக்குத் தயாராகும் வரை ரிசர்வ் அணிக்கு அனுப்பும் தேர்வைப் போடுங்கள். அங்கே முதலில் 45 நிமிடம், அடுத்ததில் 70 அளவில் ஆடட்டும். பிறகு மூத்த அணியில் கடைசி 20 நிமிடத்துக்கு மாற்றாக. அந்த இரண்டு மூன்று வாரமும் அவனுடைய தனிநபர் ஃபோகஸை எடுத்துவிடுங்கள். வேக ஃபோகஸ் இருந்தால் அதை முதலில்.