போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் எழ மறுக்கிறது. அவசரம்!

செம்பனைக்காரன் (சுங்கை சிப்புட்):
வணக்கம். மிதவை வைத்துத் தண்ணீர் மட்டம் பார்க்க நானே வடிவமைத்த ஐந்து மாதிரி போர்டுகள், இ.எஸ்.பி. 32 என்ற கட்டுப்பாட்டுச் சில்லு வைத்தவை. இரண்டு ஒழுங்காக ஓடுகின்றன, மூன்று எழவே இல்லை. எல்லாம் ஒரே சுற்று, ஒரே பாகங்கள். ரீசெட் பொத்தானை அழுத்தி விரல் தேய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும்.

பழைய ரேடியோ:
மின்சாரம் எதிலிருந்து? சுற்றுப்படம் எங்கே? வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்கிறீர்களே.

ஈப்போ பையன்:
லித்தியம் பேட்டரியும், மின்னழுத்தத்தை 3.3-ஆகக் குறைக்கும் ஏ.எம்.எஸ். 1117-உம்தானே? அதற்கு ஏறத்தாழ 1.1 வோல்ட் கூடுதலாக வேண்டும் அண்ணா. 3.7-ஐக் கொடுத்து 3.3 கேட்டால் எப்படி வரும்?

செம்பனைக்காரன்:
பேட்டரி இல்லை, 5 வோல்ட் அடாப்டர். 3.3 சரியாக வருகிறது. சில்லை எழுப்பும் இ.என். பின்னில் 10 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரட்டும் உண்டு.

மின்குரு:
தம்பி, காணொளி பார்த்து போர்டு செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஈயமில்லாத பற்றாசில் பற்றவைத்திருப்பீர்கள். அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் பழைய ஈயம் கலந்த 63/37 வகை 183-லேயே உருகிவிடும். மூன்றையும் மறுபடி பற்றவையுங்கள்.

ஈப்போ பையன்:
பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஈயப் புகையா ஐயா?

மின்குரு:
புகைவது ஃப்ளக்ஸ், அதாவது பற்றாசு ஒட்ட உதவும் பசை, ஈயமல்ல. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், போதும்.

ஈப்போ பையன்:
ரோசின் ஃப்ளக்ஸ் புகையே ஆஸ்துமாவைக் கொண்டுவரும் ஐயா.

பழைய ரேடியோ:
ஈயச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். செம்பனைக்காரரே, எழாத மூன்றும் எங்கே இருக்கின்றன?

செம்பனைக்காரன்:
தோட்டத்து லயங்களின் தண்ணீர்த் தொட்டிகளில். மற்ற இரண்டும் என் மேசையில். போன வாரம் தொட்டியிலும் ஓடின. நேற்று இடிமழையில் மின்சாரம் போய் வந்ததிலிருந்துதான் இப்படி. ஒன்றைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், உடனே எழுந்தது. திரும்ப மாட்டினேன், படுத்துவிட்டது. பேய் பிடித்திருக்கிறதோ என்னவோ.

பழைய ரேடியோ:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மிதவை எந்தப் பின்னில்? தொட்டி நிறைந்திருக்கிறதா?

செம்பனைக்காரன்:
12-இல். தண்ணீர் நிறைந்தால் மிதவை அதை 3.3 வோல்ட்டோடு சேர்க்கும். நேற்றிலிருந்து மூன்று தொட்டிகளும் நிறைந்துதான் இருக்கின்றன. ஏன்?

பழைய ரேடியோ:
பேய் அங்கேதான் இருக்கிறது. சில்லு விழிக்கும் கணத்தில் 12-ஆம் பின்னைப் பார்க்கும். அதில் மின்னழுத்தம் இருந்தால், நிரல் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்துக்கு 3.3-க்குப் பதில் 1.8 வோல்ட் கொடுத்துவிடும். உங்கள் ஃப்ளாஷ் அதில் பேசாது. விழித்த பிறகு அது வெறும் பின். அதனால்தான் காலித் தொட்டியில் தொடங்கிய போர்டு, தொட்டி நிறைந்த பின்னும் ஓடியது. மடிக்கணினியை இணைத்து, போர்டு அனுப்பும் செய்தியை 115200 வேகத்தில் பாருங்கள், ‘ஃப்ளாஷ் ரீட் எரர்’ என்று வரும். மிதவைக் கம்பியை அவிழ்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். எழுந்தால், போர்டில் 12-க்குப் போகும் செப்புத் தடத்தை அறுத்து 27-க்கு ஒரு கம்பி இழுங்கள். நிரலிலும் எண்ணை மாற்ற மறக்காதீர்கள்.

மின்குரு:
12-ஐத்தான் நானும் சொல்ல வந்தேன்.

செம்பனைக்காரன்:
கம்பியை அவிழ்த்தேன், எழுந்துவிட்டது!! மழை தூறுகிறது, தொட்டி மேல் இருக்கிறேன். பிறகு எழுதுகிறேன்.

மின்குரு:
எந்த ஈயம் என்று இன்னும் சொல்லவில்லையே தம்பி?