புதுப்பிப்பு: இரட்டைப் பிளவில் காணாமற்போன ஐந்தாவது பட்டை

திருகோணமலையில் எமது உயர்தர வகுப்பு மாணவர்களுடன், இரண்டு நுண்ணிய பிளவுகளினூடாக ஒளியைச் செலுத்தித் திரையில் மாறிமாறி விழும் ஒளி, இருட்பட்டைகளைப் பார்க்கும் இரட்டைப் பிளவுப் பரிசோதனையைச் செய்தோம். அதில், நடுவிலிருந்து ஐந்தாவதாக வரவேண்டிய ஒளிப்பட்டை மட்டும் இருபுறமும் தென்படாதது ஏன் என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

650 நனோமீற்றர் அலைநீளமுடைய சிவப்பு லேசர், 0.25 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள பிளவுகள், 2 மீற்றர் தொலைவில் திரை எனும்போது அடுத்தடுத்த பட்டைகளுக்கிடையே 5.2 மில்லிமீற்றர் வரும். அளவுகோலிலும் அதுவே வந்தது. ஆனால் ஒவ்வொரு பிளவுக்கும் 0.05 மில்லிமீற்றர் அகலம் உண்டு. இடைவெளி அகலத்தின் ஐந்து மடங்காக இருப்பதால், ஐந்தாவது பட்டை விழவேண்டிய திசையில், ஒரு பிளவின் பாதிகளிலிருந்து வரும் அலைகளே ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இரண்டு பிளவுகளும் அங்கே அனுப்ப ஒளியே இல்லை.

இதை உறுதிசெய்ய, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, ஒரு பிளவைச் சவர அலகின் விளிம்பால் மெல்ல மூடினோம். வழக்கமான இருட்பட்டைகள் இருந்த இடங்களிலெல்லாம் உடனே செவ்வொளி பரவியது. ஐந்தாவது பட்டை விழவேண்டிய இடமான, நடுவிலிருந்து 26 மில்லிமீற்றரில் மாத்திரம் இருள் அப்படியே நின்றது. ஒளியைக் குறைத்தால் சில இடங்கள் வெளிச்சமாகின்றன என்பதை மாணவர்கள் கண்ணால் கண்ட அந்தக் கணம் எனக்கு மிகவும் பெறுமதியானது.

532 நனோமீற்றர் பச்சை லேசரில் பட்டைகள் ஏறத்தாழ 4.3 மில்லிமீற்றருக்கு நெருங்கின. பிளவுகளின் இடைவெளிக்கும் அகலத்துக்குமான விகிதம் அலைநீளத்தைச் சாராததால், அங்கும் ஐந்தாவதே மறைந்தது.