பழைய புல்லட்டுக்கு எந்தப் பெட்ரோல்?

கேள்வி: என் தந்தை 1978-இல் வாங்கிய, திருவொற்றியூரில் தயாரான வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350-ஐ அண்மையில் செப்பனிட்டு ஓட்டி வருகிறேன். பங்கில் இருப்பவர் விலை கூடிய பெட்ரோலைப் போட்டால் இழுவை கூடும் என்கிறார். அது உண்மையா?

பதில் 1: இல்லை. விலை கூடிய பெட்ரோலில் கூடுதலாக இருப்பது ஆக்டேன் எண். அது, அழுத்தத்தில் பெட்ரோல் தானாகத் தீப்பற்றி எஞ்சினைத் தட்டாமல் தாங்கும் திறனின் அளவே தவிர, ஆற்றலின் அளவன்று. உங்கள் எஞ்சினின் அழுத்த விகிதம் (பெட்ரோல்-காற்றுக் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) மிகக் குறைவு. சாதாரணப் பெட்ரோலே தாராளம். மேடேறுகையில் தட்டும் ஒலி கேட்டால், பெட்ரோலை மாற்றுமுன் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி எழும் நேரத்தை) பாருங்கள்.

பதில் 2: உண்மையான தொல்லை எத்தனால்தான். இப்போது பரவலாகக் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்ப்பதால், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கியில் துரு பிடிக்கிறது, பழைய ரப்பர் குழாயும் உப்பி வெடிப்பு விடுகிறது. என் வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் வெண்பொடி படிந்திருந்தது. அதிலிருந்து, வண்டியை நிறுத்துவதற்குச் சற்று முன்பே, கிண்ணத்தில் பெட்ரோல் தங்காதபடி, டாங்கிக்கு அடியிலுள்ள பெட்ரோல் டாப்பை மூடிவிடுகிறேன்.

கேட்டவர்: நன்றி. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வால்வு இருக்கைகள் (வால்வு வந்து அமரும் வளையங்கள்) இப்போது ஈயமின்றித் தேயாதா?

பதில் 1: ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. நிதானமாக ஓட்டினால் தேய்வு மெல்லவே நிகழும். இருக்கை தேய்ந்து வால்வு உள்ளிறங்குவதால் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை இயக்கும் பகுதிக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) அடிக்கடி குறைந்தால் மட்டும், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிக் கடினமான இருக்கைகளைப் பொருத்துங்கள்.