கொல்லிமலையில் மூலிகை தேடுவதற்கு முன் தோட்டத்தைப் பாருங்கள்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, மூலிகை காட்ட யாராவது கிடைப்பார்களா என்று விசாரிப்பார்கள். மலைவாழ் மக்களின் அறிவு என்றாலே மூலிகை என்று நம் மனதில் பதிந்துவிட்டது. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களோடு (கேரளத்து மலையாளிகள் அல்ல, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) நான் பழகிய வரையில், அவர்களுடைய பெரிய படிப்பு தோட்டத்திலும் விதைப் பானையிலும்தான் இருக்கிறது.

செம்மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தாத்தாவின் தோட்டம். ரோட்டிலிருந்து பார்த்தால் யாரும் கவனிக்காத புதர் மாதிரிதான் தெரியும். பலா, வாழை, காப்பி, ஆரஞ்சு, மிளகு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். அவரோடு உள்ளே நடந்தபோதுதான் ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் இருப்பதற்குக் காரணம் இருப்பது புரிந்தது. மிளகுக் கொடியை எல்லா மரத்திலும் வடக்குப் பக்கமாகவே ஊன்றியிருந்தார். “தெக்குப் பக்கம் வச்சா கோடை வெயில்ல சின்னக் கொடியிலேயே கருகிரும் தம்பி” என்றார். இன்று மலை முழுக்க மிளகு ஏறுவது பெரும்பாலும் சில்வர் ஓக் மரத்தில்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. நேராக, வேகமாக வளரும், விற்றால் காசு. அவரும் சிலது வைத்திருந்தார். ஆனால் பலாவையும் முள்முருங்கையையும் விடவில்லை. முள்முருங்கைத் தழை ஆட்டுக்கு ஆகும், வெட்டிப் போட்டால் காப்பிக்கு எரு. பலாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சங்கப் பாடல்களிலேயே கொல்லிப் பலா வருகிறதே!

நான் அதிகம் கற்றுக்கொண்டது அவர் மரங்களைக் கவாத்து செய்த அன்றைக்கு. மழைக்காலம் தொடங்கும் முன் நிழலைக் குறைக்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தக் கிளையை, எவ்வளவு என்பதுதான் விஷயம். அவர் மேலே பார்க்கவில்லை. உச்சி வேளையில் காப்பிச் செடிக்குப் பக்கத்தில் குந்தி, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெயில் காசு காசா விழணும். மொத்தமா விழுந்தா காப்பி வாடிரும். விழவே இல்லைன்னா மிளகு காய்க்காது.” அப்புறம் எழுந்து, கிளைக் கணு மட்டும் விட்டு வெட்டிய ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, அதையே ஏணியாக வைத்து ஏறி, ஒரே ஒரு கிளையை இறக்கினார். இறங்கி வந்து மறுபடியும் தரையைப் பார்த்தார். போதாது போலிருக்கிறது, இன்னொன்றையும் இறக்கினார். நிழலுக்கு இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் போடுகிறவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சோளக்காடு சந்தையில் பலாவும் வாழையும் மிளகும் குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த உழைப்பு தெரிய வாய்ப்பில்லை.

தோட்டம் ஒரு பாதி என்றால் மேட்டுக்காடு இன்னொரு பாதி. அங்கே சாமை, தினை, கேழ்வரகு. கேழ்வரகோடு கலந்து அவரை, துவரை, கடுகு. சாமையிலேயே வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலாச்சாமை என்று எத்தனையோ. விதை விஷயத்தில் வீட்டுப் பெண்கள் சொல்வதுதான் முடிவு. ஒரு பாட்டி, அறுப்புக்கு முன்னாலேயே காட்டுக்குள் தனியாக நடந்து, கதிர் பார்த்து ஒடித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தார். வயலின் ஓரத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். ஓரத்துப் பயிருக்கு இடம் ஜாஸ்தி, அதனால் கொழுத்திருக்கும். நெருக்கத்தில் நின்றும் நன்றாகப் பிடித்த கதிர்தான் விதைக்கு ஆகும் என்றார். விவசாயக் கல்லூரியில் பாடமாக வைக்கலாம். அந்தக் கதிரைக் காயவைத்து, உதிர்த்து, சாம்பல் கலந்து பானையில் போட்டு வாயை மெழுகி வைத்தார். சாப்பாட்டுத் தானியம் போகிற தொம்பை வேறு, விதை வேறு. வீட்டில் அரிசி தீர்ந்தாலும் அந்தப் பானையில் கை வைக்க மாட்டார்களாம்.

இவ்வளவு இருந்தும் சாமைக் காடு ஏன் சுருங்கியது? ஒரு காரணம் மரவள்ளி. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும், லாரி மலைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும், கையில் மொத்தமாகப் பணம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைப் படிக்க வைக்கப் பணம் வேண்டாமா? ஆனால் சரிவான நிலத்தில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகிவிடுகிறது, அடுத்த மழை அதை அடித்துக்கொண்டு போகிறது. அதைவிட முக்கியமான காரணம், மலைக்கு வெளியே யாரும் பேசாதது: சாமை குத்துவது. உமி அவ்வளவு இறுக்கம். உரலில் குத்திப் புடைத்து, மறுபடி குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்குப் பாதி நாள் போய்விடும். ரேஷன் அரிசி வந்ததும் பெண்கள் உலக்கையைக் கீழே வைத்தது நியாயம்தான். “தின்னா ருசிதான் கண்ணு, குத்துறது யாரு?” என்று அந்தப் பாட்டியே கேட்டார்.

1990களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, ஊருக்குள் விதை வங்கியோடு சாமை அரைக்கும் மில்லையும் கொண்டுவந்ததுதான். விதையை மட்டும் காப்பாற்றி உலக்கையைப் பெண்கள் கையிலேயே விட்டிருந்தால் யாரும் விதைத்திருக்க மாட்டார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாமை வாங்கினால் சந்தையிலோ அவர்கள் வீட்டிலோ வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். பச்சைமலை, கல்வராயன் மலையிலும் மலையாளி மக்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் பழக்கமுள்ளவர்கள், அங்கே சாமை விதையை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார்களா, குத்துவதற்கு மில் இருக்கிறதா என்று சொன்னால் நன்றாக இருக்கும்.