பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்

புது ஊருக்கு வந்த ஓரிரு மாதத்திலேயே கார் வாங்கியாக வேண்டிய நிலை பலருக்கு. அவசரத்தில் பெரிய திரையும் குறைந்த கிலோமீட்டரும்தான் கண்ணில் படும். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒருநாள் கல் தெறித்து முன் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. கண்ணாடிக்கு மட்டும்தான் செலவு என்று நினைத்துப் போனேன். பின்பக்கம் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த சின்னக் கேமராவைக் காட்டினார் மெக்கானிக். ஆபத்தில் தானாகப் பிரேக் போடுவதற்கு அந்தக் கேமராவும் சேர்ந்துதான் பார்க்கிறது. முன் கண்ணாடியை மாற்றினால் கேமராவுக்குக் காலிபரேஷன், அதாவது அதன் பார்வையைச் சரியாக அளந்து பொருத்துவது, செய்ய வேண்டும், அதற்குத் தனி பில். உங்கள் இன்சூரன்ஸில் அது அடங்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

ஆனால் பெரிய செலவு எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும்தான். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட ஆயில் எப்போதெல்லாம் மாற்றினார்கள் என்பதே முக்கியம். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைக் காப்பாற்றுவதில் முக்கியமானது ஆயில்தான். ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் தார் போல் கறுப்பாகப் படிந்திருந்தால் அந்தக் கார் வேண்டாம். சில சின்ன எஞ்சின்களில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடுகிறது. ஆயிலைத் தள்ளிப்போட்டாலோ வேறு ரகம் ஊற்றினாலோ பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் ஆயில் பம்பின் வலையை அடைத்துவிடும். அப்புறம் எஞ்சினே போய்விடும்.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்யும் ஸெட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

தினமும் பத்து நிமிட ஓட்டம்தான் என்றால் டீசல் வேண்டவே வேண்டாம். புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, அந்தக் கரியை எரிக்கும் அளவுக்குச் சூடேறாமல் அடைத்துக்கொள்ளும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும்; காரின் கணினி பதிந்துவைத்த பிழைகளைப் படிப்பதற்கான இணைப்பு அது. மெக்கானிக்கை ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் பரிசோதனைகள் பல "இன்னும் முடியவில்லை" என்று ஸ்கேனர் காட்டினால், அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும், விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம்.

நீங்கள் போகும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்; குளிர்ந்த எஞ்சின் எழுப்பும் முதல் சத்தத்தை நீங்களே கேட்க வேண்டும்.