சக்கரம் உள்ளே போகும் முன்பே கதவு மூடிக்கொள்கிறது. பழுது எங்கே?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. ரிமோட்டில் பறக்கும் இடிஎஃப் (குழாய்க்குள் சுழலும் மின்விசிறி உந்தும்) மாடல் ஜெட் ஒன்றில் மின்சார ரிட்ராக்ட் (சக்கரக் கால்களை உள்ளே மடக்கும் அமைப்பு) மாட்டியிருக்கிறேன். மூன்று காலுக்கும் உள்கதவு உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி சர்வோ (கதவை அசைக்கும் சிறு மோட்டார்), எல்லாம் ஒரே டோர் சீக்வென்சரில் (கதவும் காலும் எந்த வரிசையில் அசைய வேண்டும் என்று இயக்கும் கருவியில்) ஓடுகின்றன. மேசையில் விமானத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் கச்சிதமாக வேலை செய்கிறது. நிமிர்த்திப் பிடித்து சுவிட்சைப் போட்டால், இடது சக்கரம் முக்கால்வாசி ஏறும்போதே கதவு மூட ஆரம்பிக்கிறது. சக்கரம் அதில் இடித்து அப்படியே நின்றுவிடுகிறது. போதாததற்கு, மூடிய பிறகும் வலது கதவு சர்வோ முனகிக்கொண்டே இருக்கிறது. ரிட்ராக்ட் பழுதா, சீக்வென்சர் பழுதா? காற்றழுத்த ரிட்ராக்டுக்கே மாறிவிடலாமா?

பதில் 1:
எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன.

விமானம் கவிழ்ந்திருந்தால் காலின் எடையே அதைக் குழிக்குள் தள்ளிவிடும். நிமிர்ந்திருந்தால் அதே எடையை மோட்டார் தூக்க வேண்டும், அதனால் மெதுவாகிறது. சக்கரம் எங்கே இருக்கிறது என்று சாதாரண சீக்வென்சருக்குத் தெரியாது. நீங்கள் வைத்த நேரம் முடிந்ததும் கதவை மூடும், அவ்வளவுதான். சக்கரம் நடுவில் நின்றுவிடுவதற்கும் காரணம் உண்டு. பல மின்சார ரிட்ராக்ட்கள், மின்னோட்டம் சட்டென ஏறினால் கடைசி எல்லைக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தும். கதவில் இடித்தாலும் மின்னோட்டம் ஏறத்தானே செய்யும்?

கதவை சர்வோவோடு இணைக்கும் லிங்கேஜைக் கழற்றிவிட்டு, விமானத்தை நிமிர்த்தி ஸ்டாண்டில் வைத்து, கால்களை மட்டும் ஏற்றி நேரம் எடுங்கள். பேட்டரி புது சார்ஜில் இருக்கும்போது வேண்டாம், ஓரளவு இறங்கிய வோல்டேஜில் பாருங்கள். மூன்றில் எது மெதுவோ அதன் நேரத்தோடு 2 விநாடி கூட்டி சீக்வென்சரில் வையுங்கள். மூக்குக் கால் முன்னோக்கி மடங்குவதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். பறக்கும்போது அது காற்றை எதிர்த்து ஏற வேண்டும். தரையில் எடுத்த நேரத்தை அப்படியே நம்ப முடியாது.

காற்றழுத்தத்துக்கு மாறினாலும் இதே கதைதான். டேங்கில் அழுத்தம் இறங்க இறங்க கால் மெதுவாகும். கூடவே கசிவு தேடும் வேலையும் சேரும்.

பதில் 2:
சர்வோ முனகலை விட்டுவிடாதீர்கள். கதவு மூடி முட்டிய பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சூடாகும், கியர் போகும். ரிசீவரும் அதே பிஇசி-யில் (பேட்டரி வோல்டேஜைக் குறைத்து இவற்றுக்குக் கொடுக்கும் சுற்றில்) இருந்தால் வோல்டேஜ் சரிந்து மொத்த விமானமும் ஆபத்தில் மாட்டும்.

புஷ்ராடை (சர்வோ கையிலிருந்து கதவுக்குப் போகும் கம்பியை) கழற்றுங்கள். மூடிய நிலைக்கான எண்ட் பாயிண்டில் (சர்வோ நகரும் கடைசி எல்லையில்) சர்வோ கையும் புஷ்ராடும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும்படி கையை மாட்டுங்கள். அப்புறம் ராடின் நீளத்தைத் திருகி, கதவு லேசாகப் பதியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் காற்று கதவை வெளியே உறிஞ்சினாலும் சுமை சர்வோவின் கியருக்கு அவ்வளவாகப் போகாது. கதவு விளிம்பில் ஒரு காகிதத் துண்டை வைத்துப் பாருங்கள்: பிடிக்க வேண்டும், ஆனால் இழுத்தால் கிழியாமல் வர வேண்டும்.

கேட்டவர்:
சர்வோ அமைதியாகிவிட்டது, நன்றி! நேரத்தையும் கூட்டினேன். வலது பக்கம் சரியாகிவிட்டது. இடது சக்கரம் மட்டும் இப்போதும் சில தடவை குழி விளிம்பில் உரசி நிற்கிறது. தரையில் நிற்கும்போது அளந்தால் இடைவெளி தாராளமாக இருக்கிறதே?

பதில் 1:
அங்கேதான் விஷயம் இருக்கிறது. தரையில் ஓலியோ (காலில் உள்ள, ஸ்பிரிங் வைத்த அதிர்ச்சி தாங்கி) விமானத்தின் எடையால் அமுங்கியிருக்கும். மேலே போனால் ஸ்பிரிங் அதை முழுதாக நீட்டிவிடும், சக்கரமும் அந்த அளவுக்குத் தள்ளிப் போகும். ஸ்ட்ரட்டை (காலின் தண்டை) முழுதாக இழுத்து நீட்டிவைத்து அளந்து பாருங்கள். ஸ்ட்ரட், அதை ரிட்ராக்டில் மாட்டும் முள்ளில் (பின்னில்) சற்றுத் திரும்பியிருந்தாலும் டயர் சாய்ந்து உரசும். அதைப் பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூவைத் தளர்த்தி நேராக்கி, லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போட்டு இறுக்குங்கள்.

பதில் 3:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கால் இறங்கியதும் கதவு திரும்ப மூடியே ஆக வேண்டுமா? நிஜ எஃப்-16-இல் சக்கரக் கதவுகள் தரையிலும் திறந்தேதான் இருக்கும். உங்கள் மாடலின் அசலும் அப்படியென்றால் ஒரு சுற்று வேலையே மிச்சம். புல்தரை ஓடுபாதை என்றால் மட்டும் யோசியுங்கள், திறந்த கதவு புல்லில் மாட்டும்.

இன்னொன்று, டிரான்ஸ்மிட்டரில் கியர் சுவிட்சுக்கு எச்சரிக்கை வைத்துவிடுங்கள். சுவிட்ச் மேலே இருக்கும்போது ரிசீவரை ஆன் செய்தால் தரையிலேயே கால் மடங்கி, விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடும்.

கேட்டவர்:
இடது ஸ்ட்ரட் சற்றுத் திரும்பித்தான் இருந்தது. நேராக்கிய பிறகு உரசல் இல்லை. அசலில் கதவு மூடும், அதனால் அதை அப்படியே விடுகிறேன். சுவிட்ச் எச்சரிக்கையும் போட்டாயிற்று.